சஷ்டிக்கு முன் நீ கேட்ட இரண்டு ஊசி

என் பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டு இருந்தபோது உன் செய்தி வந்தது. பதினொரு மாதத்துக்குப் பிறகு போனில் உன் பெயரைக் கண்டதும் கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தேன். "அம்மா, உங்கட பிரிட்ஜில இருக்கிற ஊசியில ரெண்டு எனக்குத் தாங்கோ. டொக்டரிட்டப் போனா இங்க தெரிஞ்சிடும். சஷ்டி ஆறு நாளும் சமாளிச்சாப் போதும். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." அவ்வளவுதான். சுகமா என்று ஒரு சொல் இல்லை. அதற்காக நான் கோபிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்கிற தகுதியை நானேதான் தொலைத்தேன். இரத்தத்தில் சீனி கூடின வருத்தத்துக்காக நான் இப்போது வாரம் ஒரு ஊசி போடுகிறேன் என்பது உனக்கு மருமகன் சொல்லித்தான் தெரிந்திருக்கும். மாதம் ஒருமுறை அவர் எனக்குப் போன் எடுத்துச் சுகம் விசாரிப்பார். நல்ல பிள்ளை. அதே ஊசியைத்தான் தன் மனைவியும் கலியாணத்துக்கு முன்னும் பின்னும் போட்டவள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

பதிலைப் போனில் எழுத எனக்கு விருப்பமில்லை. கொட்டாஞ்சேனையில் உன் புகுந்த வீட்டில் உன் போன் மேசையில் கிடந்தால் யார் கையிலும் போகும். அதனால் கடதாசியில் எழுதி, ஹெவ்லொக் டவுனில் உன் ஒபிசுக்கு நானே கொண்டுவந்து, கீழே வாசலில் இருக்கிற காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேன். மேலே வரமாட்டேன், பயப்படாதே. முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ வாசிக்காமல் மடித்து வைத்தாலும் பரவாயில்லை. ஊசி நான் தரமாட்டேன். உன்னிடமிருந்து நான் பூட்டி வைத்த சாமான்கள் எத்தனையோ. இதுவும் அதில் ஒன்று என்றுதான் நீ நினைப்பாய். நினைக்கிற உரிமை உனக்கு இருக்கிறது.

திங்கட்கிழமையே என் டொக்டரிடம் போய், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு" என்று சொல்லிக் கேட்டேன். அந்த டொக்டர் பிள்ளையும் யாரென்று விளங்கியும் விளங்காதது மாதிரிப் பதில் சொன்னா. ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குகிற ஒருவர் அடியிலிருந்து, மிகச் சின்ன அளவில்தான் தொடங்க வேண்டுமாம். என் பிரிட்ஜில் இருப்பது நான் மாதக்கணக்காகப் படிப்படியாக ஏறி வந்த அளவு. அதை நீ வெறும் வயிற்றில், தண்ணீரும் பாலுமாக விரதம் இருக்கிற நாளில் போட்டால், வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்து எடுத்தே விழுந்து போவாய். அதைவிடப் பெரிய விஷயம், பிள்ளைக்காகப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. குறைந்தது இரண்டு மாதம் முன்னமே நிறுத்த வேண்டும் என்று உன் டொக்டரே உனக்குச் சொன்னவர். நீ நிறுத்தியதும் அதற்காகத்தான். இந்த மாதம் உன் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரிந்தும் கேட்டாய் என்றால் நீ எவ்வளவு பயந்து போய் இருக்கிறாய் என்பதுதான் எனக்கு விளங்குகிறது. பிள்ளை வேண்டும் என்பதற்காகப் பிடிக்கிற விரதத்தை, பிள்ளைக்கு ஆகாத மருந்தைப் போட்டுக்கொண்டு பிடிக்கிற நிலைக்கு உன்னைக் கொண்டுவந்து விட்டது யார் என்று நான் வேறெங்கும் தேடிப்போகத் தேவையில்லை.

அந்த மருந்து என்ன செய்கிறது என்று நீ எனக்கு முதலில் சொல்ல வந்தபோது நான் காது கொடுக்கவில்லை. "ஊசி குத்தி மெலியிறதெல்லாம் கள்ள வேலை" என்று எழும்பிப் போனேன். இந்த வருஷம் என் சீனி கூடி, அதே மருந்தை எனக்கு எழுதித் தந்தபோதுதான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் குடல் ஒரு ஹோர்மோனை இரத்தத்தில் விடுமாம். அது மூளைக்குப் போய், வந்து சேர்ந்துவிட்டது, போதும், காணும் என்று சொல்லுமாம். இரைப்பையை அவசரப்படாமல் மெல்ல மெல்ல விடச் சொல்லும். சீனி ஏறியிருந்தால் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும். ஆனால் அந்த ஹோர்மோனுக்கு ஆயுள் சில நிமிஷம்தான், அதற்குள் உடம்பு அதை உடைத்துவிடும். ஊசியில் இருப்பது அதன் சாயலில் செய்த ஒரு மருந்து. அதை உடம்பால் கெதியாக உடைக்க முடியாது. அடுத்த ஊசி வரைக்கும் ஒரு கிழமை முழுக்க நின்று, காணும் காணும் என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வயிறு நிறைந்ததைச் சொல்லுகிற இடத்துக்கு மட்டுமில்லை, கண்ணால் கண்டதுக்கு ஆசைப்படுகிற இடத்துக்கும் போய்ச் சொல்லுமாம். அந்த டொக்டர் பிள்ளை மருந்து எழுதின துண்டுக் கடதாசியின் பின்பக்கம் குடலையும் தலையையும் படமாகக் கீறிக் காட்டிச் சொன்னா: "அன்ரி, சில பேரிட மூளைக்கு அந்தச் செய்தி வடிவாக் கேக்கிறேல்லை. அது அவையிட பிழை இல்லை. அதோட, உடம்பு மெலியத் தொடங்கினா பஞ்சம் வந்திட்டுது எண்டு நினைச்சு மூளை பசியை இன்னும் கூட்டும். நாங்கள் அவையைப் பாத்து வாயைக் கட்டு, மனசைக் கட்டு எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறம்." நான் அந்தக் கதிரையில் இருந்தபடியே அழுதேன். சீனி கூடினதுக்கு அழுகிறேன் என்று நினைத்து அவ எனக்கு ஆறுதல் சொன்னா.

உனக்குப் பதினொரு வயது இருக்கும். எங்கள் மாடி வீட்டுக்கு மேல் வீட்டில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த பற்றீஸ். நீ மூன்றாவதை எடுத்தாய். நான் வந்திருந்த பொம்பிளைகளோடு கதைத்துக்கொண்டு இருந்தாலும் என் கண் உன் தட்டில்தான். எழும்பி வந்து, உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, உன் கையிலிருந்து அதை எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தேன். "இவவுக்கு விட்டா மேசையையும் திண்டிடுவா" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், பாவி, நீயும் சிரித்தாய். எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புதுச் சட்டையில் துடைத்தாய். வீட்டுக்கு வந்து அதற்கும் வாங்கிக் கட்டினாய்.

அதற்குப் பிறகுதான் அலுமாரிக்குப் பூட்டு வந்தது. பால்மாப் பேணி, சீனி, பிஸ்கட், வருஷப் பிறப்புக்குச் சுட்ட பலகாரம் எல்லாம் உள்ளே. அந்தப் பூட்டின் திறப்பை ஊக்கில் கொழுவித் தாலிக்கொடியோடு போட்டுக்கொண்டு திரிந்தேன். அப்பா பார்த்துப் பார்த்து ஒருநாள், "விடுமப்பா, வளருற பிள்ளை. பசிக்குதெண்டுதானே தின்னுது" என்றார். "பசியில்லை, அது வாய்ப் பழக்கம். நாளைக்கு மாப்பிள்ளை நீங்களோ தேடப்போறியள்?" என்று அவர் வாயையும் பூட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. பசிக்கிறது என்றுதான் நீ தின்றாய். இவ்வளவு படித்த டொக்டர் பிள்ளை படம் கீறி விளக்கியதை அந்த மனுஷன் ஒரு வசனத்தில் சொல்லியிருந்தார். அவர் போன பிறகு என்னைத் தடுக்க வீட்டில் ஆளும் இல்லாமல் போயிற்று.

பிறகு கலியாணப் பேச்சு. குறிப்புப் பொருந்தும், படம் போகும், பதில் வராது. தரகர் போனில் இழுப்பார்: "பிள்ளை நல்ல வடிவு, படிப்பும் இருக்கு. கொஞ்சம் மெலிஞ்சாவெண்டா..." அதை அப்படியே நீ சோற்றுக்கு முன்னால் இருக்கும் நேரம் பார்த்து உனக்குச் சொல்லுவேன். வேறு நேரம் சொன்னால் உறைக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு. விடிய மரின் டிரைவில் நடக்கக் கூட்டிக்கொண்டு போவேன். நான் முன்னால் விறுவிறென்று போவேன், நீ கடலைப் பார்த்தபடி பின்னால் வருவாய். வீட்டுக்கு வந்ததும் உனக்குப் பசி இரட்டிப்பாகியிருக்கும். இரண்டாவது துண்டு பாணுக்கு உன் கை போனால், "நடந்த நடையெல்லாம் கடலுக்க போட்டாச்சு" என்பேன். வாயால் நான் செய்த கொடுமைகளை எழுதப் போனால் கடதாசி காணாது. ஒரு நாளாவது நீ என்னைத் திருப்பி ஏசியிருக்கலாம். நீ ஏசாததை நான் நல்ல வளர்ப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

இருபத்தொன்பது வயதில் நீ எனக்குச் சொல்லாமலே டொக்டரிடம் போய் ஊசியைத் தொடங்கினாய். முதல் கிழமைகளில் ஓங்காளித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தாய். நான் "நல்லா வேணும்" என்றேன். பிறகு ஒரு பின்னேரம், ஒபிசால் வந்து தேத்தண்ணியோடு ஒரு ரோல்ஸ் எடுத்தாய். பாதியைத் தின்றுவிட்டு, மிச்சப் பாதியைத் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். நான் அந்தப் பாதி ரோல்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் வாழ்க்கையில் நீ ஒரு சாமானைப் பாதியில் விட்டு நான் கண்டதில்லை. தலை துவட்டிக்கொண்டு வந்து நீ சொன்னாய்: "அம்மா, கீழ் வீட்டுத் தண்ணி மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், எங்களுக்கு அது கேக்கிறதே தெரியாது, நிண்ட பிறகுதான் சத்தம் இருந்ததெண்டே தெரியும், என்ன? என்ர தலைக்க அப்பிடி ஒண்டு ஓடிக்கொண்டே இருந்திருக்கு. என்ன தின்னலாம், எப்ப தின்னலாம், அம்மா காணாமத் தின்னலாமோ எண்டு. இப்ப நிண்டிட்டுது. எல்லாரும் இப்பிடித்தான் இருக்கிறவையோ?" நீ அப்போது அழவில்லை, ஆச்சரியப்பட்டாய். இருபத்தொன்பது வருஷம் என் பிள்ளையின் தலைக்குள் ஒரு மோட்டர் ஓடியிருக்கிறது, நான் அவள் கையைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த இடத்தில் ஒரு தாய் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொன்னது, "அப்ப இனி முழுப் படம் ஒண்டு எடுக்கலாம்."

படம் எடுத்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து பதில் வந்தது. புறக்கோட்டையில் கடை, ஒரே மகன், தாய் கோயில் குளம் என்று இருக்கிறவ. பெண் பார்க்க வந்த அன்று மேசை நிறையப் பலகாரம். நீ கேசரியில் ஒரு கரண்டி எடுத்து, அதிலும் பாதியை வைத்துவிட்டு இருந்தாய். உன் மாமி கேட்டா, "என்ன பிள்ளை, குருவி மாதிரிக் கொறிக்கிறீர்?" ஊசி என்று சொன்னால் வருத்தக்காரப் பிள்ளை என்று நினைப்பார்கள், முந்தி உடம்பு மொத்தமாக இருந்தவள் என்று தோண்டுவார்கள் என்று என் மனம் ஓடியது. "இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ, பிள்ளை ஒருநேரம்தான். கந்தசஷ்டிக்கும் ஆறு நாளும் வெறும் பாலோட இருக்கிறவ. விரதத்தாலதான் ஆளும் இப்பிடி மெலிஞ்சு போனது" என்றேன். ஒரு பொய்க்கு மூன்று பொய். சின்ன வயதில் கௌரிக் காப்பு விரதத்துக்கு ஒரு பகல் இருக்கச் சொன்னதுக்கே மத்தியானம் அழுதுகொண்டு வந்து சோறு கேட்ட பிள்ளை நீ. உன் மாமி எழும்பி வந்து உன் இரண்டு கையையும் பிடித்து, "இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பிள்ளையோ" என்று கண் கலங்கினா. நீ என்னைப் பார்த்தாய். நான் பலகாரத் தட்டை அடுத்த ஆளுக்கு நீட்டினேன்.

தையில் கலியாணம். அந்த வீட்டில் பிரிட்ஜை எல்லோரும் திறப்பார்கள் என்பதால் உன் ஊசி என் பிரிட்ஜிலேயே இருந்தது. சனிக்கிழமைதோறும் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று வருவாய். அறைக் கதவைச் சாத்திவிட்டு வயிற்றில் குத்திக்கொள்வாய், பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடிப்போம். சொன்னால் சிரிப்பாய், எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போன காலம் அந்த ஆறு மாதம்தான். ஒரு பொய்யை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் காவினால் அப்படி ஒரு ஒற்றுமை வரும்போல. ஆடியில் உன் மாமி, "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்கத் தொடங்க, நீ டொக்டரிடம் கேட்டு ஊசியை நிறுத்தினாய். நிறுத்தினால் பசி திரும்பி வரும், மருந்து குணமாக்குவதில்லை, போடும்வரைக்கும்தான் பிடித்து வைத்திருக்கும் என்று அவர் சொன்னதையும் நீ என்னிடம் சொன்னாய். மூன்றாம் கிழமையே நீ போனில், "அம்மா, மோட்டர் திரும்பத் தொடங்கிட்டுது. இப்ப நிண்டு போன காலம் தெரியிறதால இன்னும் பலமாக் கேக்குது" என்றாய். "கொஞ்சம் அடக்கிக்கொள். பிள்ளை வேணுமெண்டா அடக்கத்தானே வேணும்" என்றேன். எதை வைத்து நீ அடக்குவாய் என்று நான் கேட்கவில்லை.

பிறகு போன வருஷக் கந்தசஷ்டி. உன் மாமி கோயிலில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தா, என்ர மருமகள் ஆறு நாளும் இருப்பா, அடுத்த சஷ்டிக்குப் பேரனோட வருவன் என்று. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவாவாம். நீ மூன்று நாள் இருந்தாய். அது எப்படி இருந்தாய் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நாலாம் நாள் பின்னேரம், பூசைக்கு என்று மூடி வைத்திருந்த மோதகத்தில் மூன்றைத் தின்றுவிட்டாய். படைக்க முந்தி, சாமிக்கு வைத்ததை. உன் மாமி வந்து கண்டுவிட்டு, உன்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு எனக்குப் போன் எடுத்தா. சத்தத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டுவிட்டு, "உங்கட விரதக்காரப் பிள்ளை செய்த வேலையைக் கேளுங்கோ" என்றா. நான் அந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அக்கா, அவ ஒரு நாளும் விரதம் இருந்ததில்லை, நான் பொய் சொன்னனான், பிள்ளைக்குச் சாப்பாடு குடுங்கோ என்று. அதை விட்டுவிட்டு நான், "உனக்கு வெக்கமில்லையோடி? சாமிக்கு வைச்சதையும் விடமாட்டியோ? இப்பிடியோ உன்னை நான் வளத்தனான்?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் நீ மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சொல்வார்கள். உன் பசியில் பறந்தது மூன்று மோதகம். உனக்காக நான் காட்ட வேண்டிய இரக்கம் எந்தப் பசியும் இல்லாமலே பறந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நீ வரவில்லை.

இனி என் கதையைக் கேள். உன்னைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகள் எல்லாம் எனக்கே உரியவை என்று இந்த அறுபத்திமூன்று வயதில் கண்டுபிடித்திருக்கிறேன். நான் மேசையில் இருந்து சாப்பிட்டு நீ கண்டிருக்கமாட்டாய். எல்லோரும் முடித்த பிறகு, குசினியில் நின்றபடியே சட்டிகளில் மிஞ்சினதைச் சாப்பிடுவேன். மிஞ்சின புட்டு, அடிச்சோறு, நீ தட்டில் விட்ட பாதி ரோல்ஸ்கூட அன்றைக்கு என் வாய்க்குள்தான் போயிற்று. சாப்பாட்டை வீசக்கூடாது, நான் சிக்கனக்காரி என்று நானே நினைத்துக்கொண்டு இருந்தேன். இந்த ஊசி தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் சட்டியில் இரண்டு கரண்டி சோறு மிஞ்சியது. அதை எடுத்துக் குப்பைக்குள் கொட்டினேன். மனம் தடுக்கவில்லை. கொட்டிவிட்டுச் சட்டியோடு அப்படியே நின்றேன். அது சிக்கனமே இல்லை, பிள்ளை. வயிற்றை நிரப்பி வைத்துக்கொண்டும் ஓயாத ஒரு பசியை நாற்பது வருஷம் ஒளித்து ஒளித்துத் தின்றிருக்கிறேன். அதைத்தான் உனக்கும் தந்திருக்கிறேன். தந்துவிட்டு, என்னில் கண்டால் வெட்கப்பட வேண்டி வரும் என்று உன்னில் அடித்திருக்கிறேன். நீ சொன்ன அந்த அமைதி எனக்கும் வந்திருக்கிறது. பெரிய அமைதிதான். ஆனால் அதற்குள் இருந்து பார்த்தால் முந்தி நடந்தது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு ஒரு மருந்தும் இல்லை.

உனக்குப் புத்தி சொல்லுகிற நிலையில் நான் இல்லை, ஆனாலும் தாய் வாய் சும்மா கிடக்காது. யாருடைய ஊசியையும் வாங்கிப் போடாதே, களவாகப் போடாதே. மருமகனுக்குச் சொல். அவர் ஏசினாலும் ஏசட்டும், அவரைக் கூட்டிக்கொண்டே டொக்டரிடம் போ. பிள்ளை முதலா, ஊசி முதலா என்று நீங்கள் இரண்டு பேரும் தீர்மானிக்க வேண்டியது, நானும் உன் மாமியும் முருகனும் அல்ல. எதைத் தீர்மானித்தாலும் ஒன்று கையை விட்டுப் போகும் என்பதை நான் மறைக்கவில்லை. ஊசியை விட்டால் பசி, ஊசியைப் பிடித்தால் பிள்ளை இல்லை. பிள்ளை பிறந்து, பால் மறந்த பிறகு திரும்பத் தொடங்கினாலும், அது ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டு போகிற காரியம் என்றுதான் எனக்குத் தெரிகிறது. இதில் நல்ல வழி ஒன்று இருக்கிறது என்று உனக்கு எழுத எனக்கு ஆசை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஊசி தரமுடியாது என்று தெரிந்த பிறகு, என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தேன். நேற்றுப் புதன்கிழமை, நீ ஒபிசில் இருக்கும் நேரம் பார்த்து, புறக்கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உன் மாமி தனியாகத்தான் இருந்தா. கதிரையில் இருந்த கையோடு, வாய் காயும்வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். விரதம் பொய், மெலிந்தது மருந்தால், பசி உன் குற்றமில்லை, ஆறு நாள் நீ தாங்கமாட்டாய் என்று. டொக்டர் கீறிய படத்தையும் எடுத்துக் காட்டினேன். அவ ஏசுவா, வெளியில் போ என்பா என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவ ஏசவில்லை. பார்த்துக்கொண்டு இருந்த ரிவியை நிறுத்தினா. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் கையில் தந்தா.

பிறகு மெல்லச் சொன்னா: "நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது, தங்கச்சி. ஆனா நான் இப்ப என்ன செய்யிறது? போன முறை நடந்ததை நான் வெளியில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆறு நாளும் இருந்தவ எண்டுதான் சொன்னனான். இந்த முறை அவவைப் பாத்து, அவவோட சேந்து ஏழெட்டுப் பொம்பிளைப் பிள்ளையள் விரதம் பிடிக்கினம். எல்லாம் பிள்ளையில்லாததுகள். கோயில்ல அவவுக்குப் பக்கத்தில இருக்கவேணுமெண்டு சொல்லுதுகள். அதுகளிட்டப் போய் என்னெண்டு மாத்திச் சொல்ல?" அவ கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு சொன்னா: "நீங்கள் உங்கட பிள்ளையைக் கரை சேக்கத்தானே அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்? நானும் என்ர வீட்டு மானத்துக்காகத்தான் கேக்கிறன். தெரிஞ்சது எங்கள் ரெண்டு பேரோட இருக்கட்டும். இந்த ஒருமுறை பிள்ளை இருக்கட்டும். நான் பக்கத்தில நிண்டு பாத்துக்கொள்ளுவன், குசினிப் பக்கம் விடமாட்டன்." அவ சொன்ன குரலில் ஒரு பொல்லாப்பும் இல்லை. உன் மேல் பாசமாகத்தான் சொன்னா. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், முப்பது வருஷம் அது என்னுடைய குரல்.

எழுதுவதா விடுவதா என்று இந்த இடத்தில் பேனையை இரண்டு தரம் மூடி வைத்தேன். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பதோடு கடிதத்தை முடித்திருந்தால், என்னை நீ கொஞ்சம் நல்லவளாக நினைத்திருப்பாய். அந்த ஆசையும் எனக்கு இருந்தது. நான் சொன்னதால் உனக்கு ஒன்றும் நடக்கவில்லை. வருகிற புதன்கிழமை சஷ்டி தொடங்குகிறது, நீ இருக்கத்தான் போகிறாய். முந்தி உன் பசி தெரியாமல் உன்னைப் பட்டினி போட்டார்கள், இனித் தெரிந்துகொண்டே போடுவார்கள். உன் மாமி என் முகத்தைப் பார்த்து, "என்ன, சரிதானே?" என்று கேட்டா. என் பிள்ளை சாப்பிடட்டும் என்று சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போனது. எனக்கு முன்னால் அவ இருந்தா, கையில் அவ தந்த தேத்தண்ணி இருந்தது.

"ஓம் அக்கா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா